நேற்று வந்தது இன்று வராத குழந்தைகள்: மைட்டோகாண்ட்ரியா நோயும் மூளை வளர்ச்சியும்

காலை முதல் பீரியடில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்ன குழந்தை, மதியம் மூன்று மணிக்கு "ஏழு மூணு எவ்வளவு?" என்றால் விழிக்கிறது. திங்கட்கிழமை சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டது. வியாழக்கிழமை அம்மா போட்டுவிட வேண்டும் என்று அழுகிறது. ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளில் பாதியைக் காணோம். பள்ளியில் "வேணும்னே பண்றான், நேத்து நல்லாத்தானே எழுதினான்" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு உள்ள குழந்தைகளிடம் இப்படி ஏறி இறங்குவது நோயின் நேரடி அடையாளம். நேற்று வந்தது இன்று வரவில்லை என்பதைத்தான் மற்றவர்கள் அடத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவம் அதையே நோய்க்குச் சாட்சியாகப் பார்க்கிறது. இந்தக் குழந்தைகளின் அறிவுத்திறனையும் நடத்தையையும் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஒரு நாளில் எடுத்த ஒரு மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மாதக்கணக்கில் அது எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் போடும் ஐக்யூ எண், பள்ளி முடிவு, மருந்துச் சீட்டு எல்லாமே குழந்தைக்கு அநியாயமாகத்தான் முடிகிறது.

யாரிடமிருந்து வருகிறது?

சிவப்பணுக்களைத் தவிர ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கின்றன. நாம் சாப்பிட்ட மாவுச்சத்தையும் கொழுப்பையும் ஆக்சிஜனின் துணையோடு எரித்து, ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றித் தருவது இவற்றின் முக்கியமான வேலை. செல் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஏடிபிதான் செலவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. சின்னதுதான்: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். இதன் முழு வரிசையை 1981-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். அதில் ஏற்படும் பிழைகள் மனிதர்களுக்கு நோயைக் கொண்டுவரும் என்று 1988-ல் தெரிந்தது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில், அதன் சொந்த டிஎன்ஏவிலிருந்து வருபவை வெறும் 13. மீதி எல்லாவற்றையும் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்கள்தான் தருகின்றன. எங்கே பிழை விழுந்தாலும் நோய் வரலாம். ஒட்டுமொத்தமாகச் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை மைட்டோகாண்ட்ரியா நோய் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வரும்" என்ற அரைகுறைத் தகவல் பரவலாகத் தெரிந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை உட்கரு மரபணுக்களில் விழுந்த பிழைகளால் வருபவை. அவற்றிலும் அநேகமானவை அப்பா ஒரு பிழைப் பிரதியும் அம்மா ஒரு பிழைப் பிரதியும் கொடுத்தால் மட்டுமே நோயாகும் வகை. பெற்றோர் இருவரும் நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டால் இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் சாத்தியம் கூடுகிறது. இந்தியாவில் சொந்தத்துக்குள் திருமணம் அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆகவே "உன் வழியிலதான் வந்தது" என்று மருமகளைப் பார்த்துச் சொல்வது கொடுமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரும்பாலான நேரம் அது அறிவியல்படியும் தவறு. அம்மாவின் வழியாகவே வந்திருந்தாலும் அவர் செய்த குற்றம் அதில் எதுவும் இல்லை.

அம்மா வழி வரும் வகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பிரதிகள் இருக்கும். அவற்றில் சில நல்லவை, சில பிழையானவை என்று கலந்து கிடக்கும். அந்தக் கலப்பின் விகிதம் ஆளுக்கு ஆள், உறுப்புக்கு உறுப்பு மாறும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 8993-வது இடத்தில் வரும் ஒரு குறிப்பிட்ட பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைப் பிரதிகள் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. எழுபது, எண்பது என்று ஏறும்போது நரம்புத் தளர்ச்சியும் விழித்திரைச் சேதமும் நடைத் தள்ளாட்டமும் வரும். 90-ஐத் தாண்டினால் கைக்குழந்தைப் பருவத்திலேயே மூளையைத் தாக்கும் லீ நோய்க்குறி. அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க, தம்பி தலை நிற்காமல் படுத்திருப்பது ஒரே வீட்டில் நடக்கக்கூடியது. ஒரு குழந்தையைப் பார்த்து இன்னொரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மூளை ஏன் முதலில் அடிபடுகிறது?

பெரியவர்களின் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான்; ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஏறக்குறைய ஐந்து வயதில் மூளையின் குளுக்கோஸ் செலவு உச்சத்தைத் தொடுகிறது. அப்போது உடலின் ஒரு நாள் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மூளையே எடுத்துக்கொள்கிறது. நரம்புச் செல்களுக்கிடையே கோடிக்கணக்கில் இணைப்புகள் உருவாகி, தேவையானவை வலுவாகி, மற்றவை உதிரும் வயது அது. மழலை வாக்கியமாக மாறுவதும், கிறுக்கல் எழுத்தாக மாறுவதும், கோபத்தை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்வதும் இந்தக் காலத்தில்தான். மிகப் பெரிய கட்டுமானம் நடக்கும் நேரத்தில் ஆற்றல் பற்றாக்குறை வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

பற்றாக்குறை எல்லாப் பகுதியையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. கோடைகாலத்தில் வீட்டில் லோ வோல்டேஜ் வந்தால் குண்டு பல்ப் மங்கலாக எரியும், மின்விசிறி மெதுவாகச் சுற்றும், பழைய ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டே பற்றாமல் நிற்கும், ஃபிரிட்ஜ் மோட்டார் சூடேறிப் பழுதாகும். மின்சாரம் ஒன்றுதான், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒவ்வொரு தேவை. மூளையிலும் அப்படித்தான். மிக வேகமாக, இடைவிடாமல் சமிக்ஞை அனுப்பும் ஒரு வகை நரம்புச் செல்கள் உண்டு. மற்ற செல்கள் கட்டுமீறிக் கிளர்ச்சி அடையாமல் அடக்கி வைப்பது அவற்றின் வேலை. அவற்றுக்கு ஏடிபி பசி அதிகம். அவை தளர்ந்தால் அடக்க ஆளில்லாமல் போகிறது. வலிப்பு வருகிறது. வலிப்பாக வெளிப்படாவிட்டாலும் கவனம் சிதறுகிறது, சத்தமோ வெளிச்சமோ தாங்க முடியாமல் போகிறது.

மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தளக் கருக்களும் சிறுமூளையும் அடிக்கடி அடிபடும் இன்னும் இரண்டு இடங்கள். அடித்தளக் கருக்கள் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதோடு, ஒரு காரியத்தைத் தொடங்குவது, நிறுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றிலும் பங்கு வகிக்கின்றன. விளையாட்டிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் குழந்தை அரை மணி நேரம் கத்துகிறது என்றால், அந்த மாற்றத்தைச் செய்து தர வேண்டிய இடமே பழுதாகியிருக்கலாம். சிறுமூளை உடல் சமநிலைக்கு மட்டும்தான் என்று முன்பு நினைத்தார்கள். திட்டமிடுதல், இடம் சார்ந்த அறிவு, பேச்சின் ஏற்ற இறக்கம், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு இருப்பது 1998-க்குப் பிறகு நரம்பியலில் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

நோய்க்கு நோய் வேறு பாதை

டெனிஸ் லீ என்ற மருத்துவர் 1951-ல் லண்டனில், இறந்துபோன ஏழு மாதக் குழந்தை ஒன்றின் மூளையை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயரில் வழங்கும் லீ நோய்க்குறிதான் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் ஒன்று. குழந்தை முதல் சில மாதங்கள் சிரித்து, முகம் பார்த்து, தலை நிமிர்த்தி நன்றாகத்தான் வளரும். பிறகு ஒரு சளிக்காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு வரும். காய்ச்சலின்போது செல்களின் ஆற்றல் தேவை கூடுகிறது. குழந்தையோ சாப்பிடாமல் கிடக்கிறது. வரவு குறைந்து செலவு ஏறும் அந்தச் சில நாட்களில் மூளையின் ஆழப் பகுதிகள் சேதமாகின்றன. காய்ச்சல் விட்டபின் பார்த்தால் தலை நிற்கவில்லை, விழுங்கச் சிரமப்படுகிறது, கண் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாகத் தழும்புகள். அதன்பின் கொஞ்சம் மீண்டு வரும். இழந்ததில் ஒரு பங்கு திரும்பும். பல மாதம் அப்படியே நிலைத்திருக்கும். அடுத்த காய்ச்சலில் இன்னொரு படி இறங்கும். தொடர்ச்சியான சரிவைவிடப் படிப்படியான இறக்கமே இந்த நோயில் அதிகம் காணப்படுகிறது.

லீ நோய்க்குறி உள்ள குழந்தைகளில் பலர் சொல்லக்கூடியதைவிட மிக அதிகமாகப் புரிந்துகொள்கிறார்கள். கை முறுக்கிக்கொள்கிறது, நாக்கு புரளவில்லை, எச்சில் வடிகிறது. பார்ப்பவர் "ஒண்ணும் தெரியாத குழந்தை" என்று முடிவு கட்டிவிடுகிறார். தாத்தாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அதே குழந்தை வாசல் பக்கம் கண்ணைத் திருப்புகிறது. "அப்பா எங்கே?" என்றால் அப்பாவின் புகைப்படத்தைப் பார்க்கிறது. கண் அசைவால், படப் பலகையால், டேப்லெட்டால் பதில் சொல்ல வழி செய்து கொடுத்தபின் சோதித்தால் முடிவு வேறாக வரும். பேச்சு வராத குழந்தைக்கு மாற்று வழித் தொடர்பைத் தாமதப்படுத்துவது, "பேசப் பழகட்டும், படம் காட்டினால் பேச்சே வராது" என்று சொல்வது, இரண்டும் சரியல்ல. படப் பலகை பேச்சைக் கெடுப்பதில்லை.

மெலாஸ் என்ற இன்னொரு வகை முற்றிலும் வேறு பாதையில் போகும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 3243-வது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். குழந்தை ஐந்து வயது, எட்டு வயது, சிலர் பதினைந்து வயது வரைகூட நன்றாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். உயரம் கொஞ்சம் குறைவு, சீக்கிரம் களைத்துப்போகும், அடிக்கடி தலைவலி என்பதோடு சரி. இதற்குள் காது மெல்ல மெல்ல மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பையனை வகுப்பில் கவனமில்லாதவன் என்று எழுதிவைப்பார்கள். திடீரென்று ஒரு நாள் பக்கவாதம் போல ஒரு தாக்குதல். சாதாரணப் பக்கவாதம் இரத்தக்குழாய் அடைத்த பகுதியை மட்டும் தாக்கும்; இது அந்த எல்லைகளை மதிப்பதில்லை. மூளையின் பின்பகுதியை அதிகம் தாக்குவதால் பார்வை, இடம், திசை பற்றிய அறிவு முதலில் குலைகிறது. தெரிந்த தெருவில் வழி தெரியவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தப்புகிறது. கூட்டல் தெரியும், ஆனால் பத்தையும் ஒன்றையும் நேர்கோட்டில் எழுத வரவில்லை.

இந்தத் தாக்குதல் கை கால் விழாமல் வெறும் நடத்தை மாற்றமாகவும் தொடங்கலாம் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் குழப்பம், இல்லாத உருவம் தெரிவதாகச் சொல்வது, காரணமில்லாத பயம், கூடவே வாந்தியும் தலைவலியும். பேய், பயம் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகும் நேரத்தில் மூளையில் ஓயாத வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி இது.

இன்னும் பல வகைகள் உண்டு. கியர்ன்ஸ்-சேர் நோய்க்குறியில் கண் இமை தொங்கும், இதயத் துடிப்பு பாதிக்கப்படும். பொது அறிவு ஓரளவு நிலைத்திருக்க, கவனமும் இடம் சார்ந்த திறனும் குறையும். போல்ஜி மரபணுப் பிழையால் வரும் ஆல்பர்ஸ் நோயில் கடும் வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் வந்து சீக்கிரம் எல்லாம் இழக்கப்படுகிறது. இந்த வகையில் வால்ப்ரோயேட் என்ற பரவலான வலிப்பு மருந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். காரணம் தெரியாத வலிப்போடு வளர்ச்சிப் பின்னடைவும் இருந்தால் அந்த மருந்தைத் தொடங்குமுன் மருத்துவர் இதை யோசித்தாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஒன்பது கட்டைகளும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்

நம் ஊரில் ஒரு குழந்தையின் அறிவுத்திறனை அளக்கப் பெரும்பாலும் பயன்படுபவை பினே-காமத் சோதனை, மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்காக உருவாக்கிய மிசிக் சோதனை, அப்புறம் பெற்றோரைக் கேட்டுப் போடும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். மிசிக்கில் ஒரு பகுதியில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கி, அட்டையில் இருக்கும் வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். நேரம் குறிப்பார்கள். சீக்கிரம் முடித்தால் கூடுதல் மதிப்பெண்.

மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள எட்டு வயதுக் குழந்தை ஒன்று அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணி வரை வரிசையில் காத்திருந்து வந்திருக்கிறது. காலை இட்லிக்கு அப்புறம் எதுவும் சாப்பிடவில்லை. இமை பாதி தொங்குவதால் முகவாயைத் தூக்கிப் பார்க்கிறது. முதல் இரண்டு வடிவங்களைச் சரியாக அடுக்குகிறது. மூன்றாவதில் கட்டை கைநழுவுகிறது. எடுத்து வைப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நான்காவதில் தலையை மேஜையில் சாய்த்துக்கொள்கிறது. தாளில் "செயல்திறன் மிகக் குறைவு, ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவாகிறது. அந்த மேஜையில் உண்மையில் அளக்கப்பட்டது பார்வை, விரல் பலம், தசைக் களைப்பு, பசி, அறிவு எல்லாம் கலந்த ஒன்று. அதற்கு அறிவுத்திறன் என்று பெயர் வைப்பது தவறு.

இந்த நோய்களைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வருகிறது: சொல் வளம், பொது அறிவு போன்ற மொழி சார்ந்த திறன்கள் ஓரளவு நன்றாக இருக்க, பார்வையும் இடமும் சார்ந்த திறன், வேகம், கவனம், திட்டமிடுதல் ஆகியவை கீழே கிடக்கும். இரண்டுக்கும் சராசரி எடுத்து ஒரே எண்ணாகச் சொன்னால் அந்த எண் குழந்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கதை கேட்டால் அருமையாகத் திருப்பிச் சொல்லும் குழந்தைக்கு 60 என்று ஓர் எண் ஒட்டிவிட்டால், ஆசிரியர் அந்த எண்ணோடுதான் பேசத் தொடங்குகிறார். மாறாக, வாயாடிக் குழந்தையின் பேச்சில் மயங்கி "இவனுக்கு என்ன குறை" என்று உதவியை மறுப்பதும் நடக்கிறது.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில், சாப்பிட்டபின், இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்து, நடுநடுவே ஓய்வு கொடுத்துச் செய்யலாம். காது, கண் பரிசோதனையை முதலில் முடித்துவிட வேண்டும். காய்ச்சலோ வலிப்போ வந்து சில வாரங்களுக்குள் எடுத்த அளவை நிலையான அளவாகக் கொள்ளக்கூடாது. நேரம் முடிந்தபின்னும் குழந்தையை முடிக்க விட்டு, நேரத்துக்குள் எவ்வளவு, நேரம் கடந்து எவ்வளவு என்று இரண்டையும் குறித்தால் அறிவுக்கும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும். அறிக்கையில் எண்ணோடு இந்த விவரங்களும் இருக்க வேண்டும். ஓராண்டு கழித்து மறுபடி அளக்கும்போது குழந்தையைக் குழந்தையின் பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

நடத்தை என்று எழுதப்படுவது

எரிச்சல், அழுகை, திடீர்க் கோபம், யாரோடும் சேராமை, தூக்கக் கோளாறு, பதற்றம். இந்தக் குழந்தைகளிடம் இவை எல்லாமே சாதாரணக் குழந்தைகளைவிட அதிகம். இதில் எவ்வளவு மூளையிலிருந்தே வருகிறது, எவ்வளவு நோயோடு வாழும் அலுப்பிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். இருந்தாலும் ஒரு தகவல் யோசிக்க வைக்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள், கடும் மனச்சோர்வுக்கு ஆளான வளரிளம் பருவத்தினர் சிலருக்கு அதற்குப் பிறகே மைட்டோகாண்ட்ரியா நோய் கண்டுபிடிக்கப்பட்டதை 2009-ல் பதிவு செய்தார்கள். நோயின் பெயரே தெரியாத நிலையில், நோயை நினைத்து வருந்தியதால் மனச்சோர்வு வந்தது என்று சொல்ல முடியாது. மூளையின் ஆற்றல் குறைவே மனநிலையாகவும் வெளிப்படலாம்.

ஆனால் நடத்தை என்று வரும்போது உடலை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். பேசத் தெரியாத, அல்லது பேசக் களைப்பாக இருக்கும் குழந்தைக்கு வலியைச் சொல்ல நடத்தையைத் தவிர வேறு வழியில்லை. இந்த நோய்களில் குடல் மெதுவாக இயங்குவதால் மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் சகஜம். சாப்பாட்டைக் கண்டாலே தட்டைத் தள்ளும் குழந்தைக்குத் தொண்டை வரை அமிலம் வந்துகொண்டிருக்கலாம். விடியற்காலையில் எழுந்து வெறி பிடித்ததுபோல் அழுதால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு அப்புறம் எதையும் மறந்ததுபோல் நடந்துகொண்டால் அது வலிப்பாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் குழந்தை பகலெல்லாம் சிடுசிடுக்கும். லெவெடிரசிடம் போன்ற வலிப்பு மருந்து தொடங்கிய வாரத்தில் கோபம் ஏறினால் மருந்தைச் சந்தேகிக்கலாம். தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் விலக்கியபின் மிஞ்சுவதற்குத்தான் நடத்தைப் பயிற்சி. வயிறு வலிக்கும் குழந்தைக்கு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்துப் பலனில்லை.

ஆட்டிசத்தோடு உள்ள தொடர்பு பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் இருக்கலாம் என்று 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. எடுத்துக்கொண்ட ஆய்வுகள் சிறியவை என்பதால் அந்த எண்ணைக் கல்லில் எழுத வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மைட்டோகாண்ட்ரியா நோய்க்கான சோதனை தேவையில்லை. ஆட்டிசத்தோடு கூட உடல் துவண்டிருப்பது, சீக்கிரம் களைப்பது, வலிப்பு, மூன்று வயதுக்கு மேல் திறன்களை இழப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை இழப்பது, காய்ச்சலுக்குப் பின் இழப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள ஒரு குழந்தையின் தடுப்பூசி இழப்பீட்டு வழக்கு 2008-ல் செய்தியானது முதல் இந்தப் பயம் பரவியது. இந்தக் குழந்தைகளை உண்மையில் கீழே தள்ளுவது தட்டம்மை, இன்ஃபுளூயன்சா போன்ற தொற்றுகள். அதனால் இவர்களுக்கு மற்றவர்களைவிடத் தடுப்பூசி அதிகம் அவசியம் என்பதே இந்தத் துறை மருத்துவர்களின் ஒருமித்த பரிந்துரை. ஊசி போட்டபின் வரும் காய்ச்சலைக் கவனித்து, பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கண்டறிவதும் அதன் பிறகும்

இரத்தத்தில் லாக்டேட், அதாவது ஆற்றல் உற்பத்தி தடைபடும்போது சேரும் அமிலப் பொருள், கூடியிருப்பது ஒரு தடயம். ஆனால் அது சாதாரணமாக இருந்தாலும் நோய் இருக்கலாம். கையை இறுக்கிக் கட்டி, கதறும் குழந்தையிடம் எடுத்த ரத்தத்தில் நோய் இல்லாமலே கூடலாம். இன்று எம்ஆர்ஐயும் மரபணு வரிசைச் சோதனையும் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையும், ஐதராபாத் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையமும் இந்தியக் குழந்தைகளின் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் நீண்ட காலமாக வேலை செய்துவருகின்றன.

சீக்கிரம் கண்டறிவதில் ஒரு பெரிய காரணம் இருக்கிறது. எஸ்எல்சி19ஏ3 என்ற மரபணுவில் பிழை இருந்தால் மூளைக்குள் தயமின், அதாவது வைட்டமின் பி1, போதுமான அளவு போவதில்லை. பார்ப்பதற்கு அப்படியே லீ நோய்க்குறி போல இருக்கும்: காய்ச்சல், குழப்பம், கை கால் முறுக்கு, எம்ஆர்ஐயில் அதே தழும்பு. ஆனால் அதிக அளவில் தயமினும் பயோட்டின் என்ற இன்னொரு வைட்டமினும் சீக்கிரம் கொடுத்தால் சில நாட்களிலேயே பல குழந்தைகள் எழுந்து உட்கார்ந்துவிடும். வாழ்நாள் முழுக்கக் கொடுத்துவர வேண்டும். விலை குறைந்த மாத்திரைகள் அவை. அதனால் லீ நோய்க்குறி மாதிரி தெரியும் குழந்தைக்கு மரபணு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இவற்றைத் தொடங்கிவிடுவது இன்று ஏற்கப்பட்ட வழக்கம். மாவுச்சத்தை எரிக்க உதவும் நொதி குறையும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் குறைபாட்டில் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு பலருக்கு உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான கோஎன்சைம் க்யூ10 என்ற பொருளின் உற்பத்திக் கோளாறில் அதையே மருந்தாகக் கொடுக்கலாம்.

மற்ற பெரும்பாலான வகைகளுக்கு நோயைத் திருப்பும் மருந்து இன்னும் இல்லை. பல வைட்டமின்களைக் கலந்து கொடுக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அது பலன் தருகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 ஆய்வு சொன்னது. நகையை அடகு வைத்து வெளிநாட்டு டப்பாக்களை வாங்கும் பெற்றோரிடம் இதை யாராவது நேராகச் சொல்ல வேண்டும்.

மருந்தில்லாத இடத்தில் செய்ய நிறைய இருக்கிறது. கணக்கையும் எழுத்து வேலையையும் காலை நேரத்துக்குக் கொண்டுவருவது. பதினோரு மணிக்கு வகுப்பிலேயே ஏதாவது சாப்பிட அனுமதிப்பது. மாடி வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது: படி ஏறுவதற்குச் செலவாகும் ஆற்றல் பாடத்துக்கு மிஞ்சும். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று. நோட்டில் எழுதுவதற்குப் பதில் வாயால் பதில். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் சலுகையாகவே கிடைக்கிறார்கள்; தீராத நரம்பியல் நோய்கள் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் இந்தக் குழந்தைக்கு எப்போதும் வரமாகாது. ஏற்கெனவே களைத்த கைக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்றால் தண்டனை. நடுவில் படுத்து எழும் இடைவேளையோடு சேர்ந்த கூடுதல் நேரம்தான் இவர்களுக்குப் பயன்படும். பள்ளி அளவிலான தேர்வுகளில் இதைத் தலைமை ஆசிரியரே ஏற்பாடு செய்துவிட முடியும்.

தெரபியிலும் இதே கணக்குதான். காலை பிசியோதெரபி, பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி, மதியம் ஆக்குபேஷனல் தெரபி, மாலை டியூஷன் என்று நாளை நிரப்பிவிட்டு, குழந்தை எதிலும் முன்னேறவில்லை என்று வருந்தும் பெற்றோர் உண்டு. அவர்கள் அன்பில் குறையில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் இருபது நிமிடம் என்று குறைத்துப் பார்க்கச் சொல்லும் தெரபிஸ்ட் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

காய்ச்சலுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு திட்டம் வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமல் இருக்கக்கூடாது, எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே எந்த டிரிப் ஏற்ற வேண்டும், எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவரிடம் அந்தத் தாளை நீட்டலாம். குழந்தை இதுவரை கற்ற சொற்களைக் காப்பாற்றுவதில் எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

இந்த ஏற்ற இறக்கம் மருந்து ஆய்வு செய்பவர்களையும் சிரமப்படுத்துகிறது. நல்ல நாளில் தொடங்கி மோசமான நாளில் முடித்தால், வேலை செய்த மருந்தும் தோற்றதாகவே பதிவாகும். 2006-ல் நியூகாசில் மருத்துவர்கள் இந்தக் குழந்தைகளுக்கென்றே ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். இரண்டு வயது வரை, பதினொன்று வரை, பதினெட்டு வரை என்று மூன்று வயதுப் பிரிவுகள். உடல் உறுப்புகளோடு அன்றாட வாழ்க்கையையும் கேட்டுப் பதிவு செய்வது அதன் சிறப்பு. வீட்டில் இருப்பவர்களும் இதன் எளிய வடிவம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, ஒரே காரியத்தை, ஒரே இடத்தில் குழந்தை செய்வதை ஒரு நிமிடம் போனில் படம் எடுங்கள்: தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது, படம் பார்த்துப் பெயர் சொல்வது, இப்படி ஏதாவது. நல்ல நாளில் ஒன்று, முடியாத நாளில் ஒன்று. தேதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா என்பதையும் சொல்லிக்கொண்டே எடுங்கள். மருத்துவர் முன்னால் பத்து நிமிடம் உட்காரும்போது குழந்தை தூங்கிப் போயிருந்தாலும், அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார்.